ஓட்டமா, பளுவா, சுமை நடையா, சர்க்யூட்டா: படைப் பயிற்சிக்கு எதை முதலில் பிடிப்பது?

படையில் சேரத் தயாராகிறவர்களும், சேர்ந்தவர்களைத் தேற்றி எடுக்க வேண்டிய பயிற்றுநர்களும் கேட்கிற கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். கையில் இருப்பது மூன்று நாலு மாதம், நாளுக்கு ஒரு மணி நேரம். ஓடுவதா, பளு தூக்குவதா, மூட்டையைச் சுமந்து நடப்பதா, இல்லை பல அசைவுகளைச் சிறு ஓய்வோடு அடுத்தடுத்துச் செய்கிற சர்க்யூட்டா? கேட்கிறவர் பெரும்பாலும் பதிலை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். ஓடப் பிடித்தவருக்கு ஓட்டமே போதும் என்று யாராவது சொல்ல வேண்டும். ஜிம்மில் பழகியவருக்கு, ஓடினால் தசை கரைந்துவிடும் என்று யாராவது சொல்ல வேண்டும்.

நான்கும் தேவை என்பது யாருக்கும் தெரியும். அந்தப் பதிலால் அட்டவணை போட முடியாது. முடிவெடுக்க உதவுகிற விஷயம் வேறு: ஒரு திறனை வளர்க்க நிறைய உழைப்பு வேண்டும், வளர்ந்ததைத் தக்கவைக்கக் கொஞ்சம் போதும். 1980களின் தொடக்கத்தில் உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் நடத்திய ஆய்வில், வாரத்துக்கு 6 நாள் கடுமையாகப் பயிற்சி செய்து மூச்சுத் திறனை ஏற்றியவர்கள், அப்புறம் வாரத்துக்கு 2 நாளாகக் குறைத்தும் 15 வாரம் அந்தத் திறனை இழக்கவில்லை. ஒரே நிபந்தனை, அந்த 2 நாளும் தீவிரம் குறையக் கூடாது. பலமும் அப்படித்தான், வாரம் ஒன்றிரண்டு நல்ல அமர்வு இருந்தால் நிற்கும். ஆகவே உங்களுக்கு இப்போது எது குறைவோ அதை வளர்க்க நேரத்தைக் கொடுங்கள், மற்றவற்றைத் தக்கவைக்கும் அளவில் ஓட்டுங்கள். எது குறைவு, எதற்கு என்ன விலை என்று பார்க்கத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து அளப்பது

வேலைக்குப் பொருந்துகிறதா? எதைப் பழகுகிறோமோ அதில்தான் உடல் தேறும். சிப்பாயின் வேலை என்ன? சுமையோடு நெடுந்தூரம் நடப்பது, சட்டென்று எழுந்து முப்பது மீட்டர் பாய்ந்து மறுபடி படுப்பது, சுவர் ஏறுவது, பதுங்குகுழி வெட்டுவது, பெட்டிகளை வண்டியில் ஏற்றுவது, காயம்பட்டவரை இழுத்து வருவது. 80 கிலோ ஆள், மேலே தலைக்கவசம், கவச உடை, ஆயுதம் எல்லாம் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டும். இத்தனையும் முடிந்து கை நடுங்காமல் குறி வைக்கவும் வேண்டும்.

தேர்வுகள் இதை முழுசாக அளப்பதில்லை. அமெரிக்கத் தரைப்படை 1980இலிருந்து நாற்பது ஆண்டுகள் தண்டால், சிட்-அப், 2 மைல் ஓட்டம் என்ற மூன்றை வைத்தே ஆளை எடை போட்டது. பழகியவர்களும் அந்த மூன்றையே பழகினார்கள். 2020களில்தான் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிர்வது), பளுவை இழுத்தும் தூக்கியும் ஓடுவது போன்றவை தேர்வுக்குள் வந்தன. 2 மைல் ஓட்டம் மட்டும் அப்படியே நின்றது. தேர்வும் வேலையும் வேறு வேறாக இருந்தால் முதலில் தேர்வில் தேறுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் தேறியபின் அட்டவணையை மாற்ற வேண்டும் என்பதை இப்போதே குறித்துவையுங்கள்.

எலும்பு தாங்குமா? எல்லோரும் விட்டுவிடுகிற அளவுகோல் இது, என் கணக்கில் முதலாவது. உடலின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. தசை இரண்டு மூன்று வாரத்திலேயே பலம் காட்டும், நரம்புகள் அதை நன்றாக வேலை வாங்கப் பழகிவிடுவதால். இதயமும் மூச்சும் நாலைந்து வாரத்தில் தெரிகிற மாதிரி முன்னேறும். தசைநாண்கள் அதற்குப் பின்னால் வரும். எலும்புதான் கடைசி. புதிய அழுத்தம் விழுந்ததும், நுண்ணிய சேதம் பட்ட இடத்தை எலும்பை அரிக்கும் செல்கள் முதலில் சுரண்டி எடுக்கின்றன. அந்தக் குழியில் புது எலும்பு உருவாகி இறுகிச் சேர மூன்று நாலு மாதம் ஆகிறது. இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்பு இருந்ததைவிடப் பலவீனம். மூச்சு தேறிவிட்டது என்று நாம் வேகத்தைக் கூட்டுகிற வாரங்களும் அவையேதான்.

அழுத்த முறிவு எனப்படும் மயிரிழை விரிசல்கள் புதிதாகச் சேர்ந்தவர்களின் முதல் சில வாரங்களில் குவிவதற்கு இது முக்கியக் காரணம். இஸ்ரேல் படையில் 1980களில் 295 காலாட்படைப் புதியவர்களைப் பின்தொடர்ந்தபோது 31 சதவீதம் பேருக்கு அழுத்த முறிவு ஏற்பட்டது. பின்னாளில் அங்கே அதைக் குறைக்க உதவியவை இரண்டு எளிய மாற்றங்கள்: இரவில் குறைந்தது 6 மணி நேரத் தூக்கம், மொத்த நடைத் தூரத்தில் வெட்டு.

மறுநாளைக்கு என்ன மிச்சம்? ஒரு பயிற்சி இன்று எவ்வளவு வியர்க்க வைத்தது என்பதைவிட, நாளைய பயிற்சியை எவ்வளவு கெடுத்தது என்பதே அதன் உண்மையான விலை. உடல் தேறுவது ஓய்வில். பயிற்சி அதற்கான தூண்டுதல் மட்டும்தான்.

ஏற்றத்தை அளக்க முடிகிறதா? தூரம், நேரம், கிலோ, முறை என ஏதாவது ஒன்றில் முன்னேற்றம் எழுத்தில் தெரிய வேண்டும். தெரியாத பயிற்சியில் களைப்பையே முன்னேற்றம் என்று எண்ணிக்கொள்வோம்.

இடம், சாதனம், மேற்பார்வை ஆகியவையும் கணக்கில் உண்டு. ஆனால் அவற்றைச் சமாளிக்க வழிகள் இருப்பதால் கடைசியில் வைக்கிறேன்.

## ஓட்டம்

மலிவானது, எங்கும் கிடைப்பது, கடிகாரம் ஒன்றிருந்தால் அளக்கக்கூடியது. மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் அமெரிக்க விமானப்படைக்காக வகுத்த 12 நிமிட ஓட்டத் தேர்வு இன்றும் ஓடிக்கொண்டிருப்பது அதனால்தான். 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் என்று குறித்தால் போதும், மூச்சுத் திறன் ஓரளவு சரியாகத் தெரிந்துவிடும். 2400 மீட்டர் எட்டினால் அடிப்படை இருக்கிறது. 2000க்குக் கீழே நின்றால் வேறு எதையும் விட ஓட்டத்துக்குத்தான் அவசர வேலை இருக்கிறது.

ஆனால் ஓட்டம் என்று ஒரே சொல்லில் சொல்வது இரண்டு வேறு பயிற்சிகளை. ஒன்று, பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதான ஓட்டம். இதயத்துக்கும் தசைக்குள் இருக்கிற நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கும் அடித்தளம் போடுவது இது. இன்னொன்று இன்டர்வெல்: 400 மீட்டர் வேகமாக, அப்புறம் இரண்டு நிமிடம் நடை, இப்படி ஐந்தாறு தடவை. குறைந்த தூரத்தில் மூச்சுத் திறனை வேகமாக ஏற்றுவது இதுவே. புதியவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில், தினமும் அதே நாலைந்து கிலோமீட்டர், தினமும் மூச்சு வாங்குகிற அதே வேகம். நிதானத்தின் பலனும் இல்லை, வேகத்தின் பலனும் இல்லை. நாலு வாரத்தில் நேரம் குறைவது நின்றுபோகும்.

மறைவான செலவு கீழ்க்காலில். ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலுக்கு வருகிறது. அரை மணி நேர ஓட்டத்தில் சுமார் ஐயாயிரம் எட்டு வரும். 60 கிலோ ஆளுக்கும் 95 கிலோ ஆளுக்கும் எட்டு எண்ணிக்கை ஒன்றுதான், விசை ஒன்றல்ல.

முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வந்தால் விரல்களால் அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓடச் சூடேறியதும் குறைந்தால் பெரும்பாலும் எலும்பின் ஓரத் திசுவில் எரிச்சல். தூரத்தைக் குறைத்தால் அடங்கும். ஒற்றை விரல் நுனி அளவு இடத்தில் சுருக்கென்று வலித்து, அந்தக் காலில் நொண்டி அடிக்கும்போது கூடி, இரவு படுத்த பிறகும் விடவில்லை என்றால் ஓட்டத்தை அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதை வைத்து "ஒன்றுமில்லை, ஓடு" என்று சொல்லக்கூடாது.

இங்கே இரண்டு நம்பிக்கைகளையும் தள்ளிவைக்கலாம். ஓடுவதற்கு முன் அசையாமல் நின்று தசைகளை இழுத்துப் பிடித்தால் காயம் வராது என்பது ஒன்று. ஆஸ்திரேலியப் படையில் 1538 புதியவர்களை வைத்து நடந்து 2000இல் வெளியான ஆய்வில் அப்படி இழுத்ததால் காயம் குறையவில்லை. சேரும்போது ஓட்டத் திறன் குறைவாக இருந்தவர்களே அதிகம் அடிபட்டார்கள். பாத வளைவைப் பார்த்து ஷூ தேர்ந்தெடுத்தால் காயம் குறையும் என்பது இன்னொன்று. அமெரிக்கப் படைப் பிரிவுகளில் அதைச் சோதித்தபோது வித்தியாசம் தெரியவில்லை. காலுக்கு இதமான ஷூ போதும்.

ஓட்டம் முதலிடம் பெற வேண்டியது யாருக்கு? 12 நிமிடத் தேர்வில் பின்தங்கியவர், ஓட்டத் தேர்வை எதிர்நோக்கி இருப்பவர், உடல் எடை அளவாக உள்ளவர்.

## பளு

பளு என்றதும் கண்ணாடி முன் கையை மடக்கிப் பார்ப்பது நினைவுக்கு வந்தால் அதை விட்டுவிடுங்கள். படைப் பயிற்சிக்கு வேண்டியது நாலைந்து அசைவுகள்: தரையிலிருந்து தூக்குவது, பளுவோடு உட்கார்ந்து எழுவது, தலைக்கு மேல் ஏற்றுவது, கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது, இரண்டு கையிலும் பளுவைப் பிடித்து நடப்பது. வாரம் இரண்டு மூன்று நாள், ஒவ்வொன்றிலும் மூன்று நாலு சுற்று, சுற்றுக்கு ஐந்திலிருந்து எட்டு முறை. கடைசி முறையிலும் முதுகு வளையாமல், இன்னும் ஒன்றிரண்டு முறை மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும்.

இதன் பெரிய பலம் அளவுக் கட்டுப்பாடு. இரண்டரைக் கிலோ கூட்டலாம், கூட்டியது நோட்டில் இருக்கும். எலும்புக்கும் நல்லது: ஓட்டம் மாதிரி ஆயிரக்கணக்கான மோதல்கள் இல்லாமல், சில பத்து முறை அழுத்தம் கொடுத்து எலும்பை உறுதிப்படுத்துகிறது.

எடை குறைந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். படையில் சுமை ஆளைப் பார்த்துக் குறைவதில்லை. 20 கிலோ மூட்டை 85 கிலோ ஆளுக்குத் தன் எடையில் 24 சதவீதம், 55 கிலோ ஆளுக்கு 36 சதவீதம். நன்றாக ஓடுகிற ஒல்லியான பையன் சுமை நடையில் பின்தங்குவதும், ஓட்டத்தில் கடைசியாக வந்த பருமனான ஆள் அங்கே அலட்டிக்கொள்ளாமல் முன்னால் போவதும் இதனால்தான். பயிற்றுநர்கள் இதைப் பார்த்து முதல் பையனைச் சோம்பேறி என்பது அநியாயம்.

ஓட்டமும் பளுவும் சேர்ந்தால் ஒன்றையொன்று கெடுக்கும் என்ற பயத்தின் வேரும் ஹிக்சனிடம்தான் இருக்கிறது. 1980இல் வெளியான ஆய்வில், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் கால் பலம் ஏழாவது வாரம்வரை ஏறி, அங்கே நின்று, ஒன்பது பத்தாவது வாரங்களில் இறங்கியது. மூச்சுத் திறன் கெடவில்லை. ஆனால் அவர்கள் செய்தது என்ன? வாரம் 5 நாள் கடும் கால் பளு, 6 நாள் கடும் ஓட்டமும் சைக்கிளும். அந்த அளவில் எதுவும் முறியும். வாரம் இரண்டு நாள் பளு, மூன்று நாள் ஓட்டம் என்ற அளவில் புதியவர்களுக்கு இரண்டுமே ஏறும். கடும் கால் பளுவையும் இன்டர்வெல்லையும் அடுத்தடுத்து வைக்காமல், முடிந்தால் வேறு வேறு நாளில் வைத்தால் போதும்.

மறைவான செலவு: கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், சாதனத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும். நூறு பேர் உள்ள அணிக்கு நாலு பார்பெல் (பளுத் தட்டு மாட்டும் கம்பி) இருந்தால் பயிற்சி நேரம் வேடிக்கை பார்ப்பதில் போகும். அதற்கு மாற்று, 30 கிலோ மணல் மூட்டை. தரையிலிருந்து தோளுக்கு ஏற்றுவது, நெஞ்சோடு அணைத்து நடப்பது, தரதரவென்று இழுப்பது எல்லாம் அதில் நடக்கும். பிடி இல்லாத மூட்டையைத் தூக்கிப் பழகியவருக்கு, காயம்பட்டவரைத் தூக்குவது புதிதாகத் தெரியாது.

## சுமை நடை

நான்கிலும் வேலைக்கு மிக நெருக்கமானது இதுதான். தவறாகச் செய்யப்படுவதும் இதுவே அதிகம்.

வேகம், சுமை, தரை ஆகிய மூன்றில் எது உடலை எவ்வளவு சோர்வடைய வைக்கிறது என்பதைக் கணக்கிட, ஆய்வாளர் கென்ட் பாண்டால்ஃபும் குழுவினரும் 1977இல் ஒரு சமன்பாடு வெளியிட்டார்கள். 70 கிலோ ஆள் 20 கிலோவோடு சமதளச் சாலையில் மணிக்கு 5.4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். சுமையில் 5 கிலோ கூட்டினால் ஆற்றல் செலவு 6 சதவீதம் ஏறுகிறது. சுமையை மாற்றாமல் வேகத்தை 6.5 ஆக்கினால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது. அதே நடை இளகிய மணலில் என்றால் முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிடுகிறது.

இதிலிருந்து ஒரு பொறி தெரிகிறது. சுமை கூடும்போது மூச்சு எச்சரிக்கை கொடுப்பதில்லை. 5 கிலோ கூடியது மூச்சில் உறைக்காது, பாதத்திலும் முழங்காலிலும் இடுப்பிலும் உறைக்கும், அதுவும் இரண்டு நாள் கழித்து. ஆகவே மூச்சை வைத்துச் சுமையைத் தீர்மானிக்கக்கூடாது. உடல் எடையில் 15 முதல் 20 சதவீதத்தில் தொடங்கி, தூரம், சுமை, வேகம் மூன்றில் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறைக்குக் குறையவும் வேண்டாம். தயாரிப்புக் காலத்தில் 30 சதவீதத்தைத் தாண்ட அவசியமே இல்லை. பை முதுகில் இருக்கும்போது ஓடாதீர்கள். தேர்வில் ஓட வேண்டியிருந்தால் அன்று ஓடிக்கொள்ளலாம்.

பையைக் கட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. கனமான பொருள் முதுகோடு ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு இடையில் வர வேண்டும். மேடுபள்ளத் தரை என்றால் சற்றுக் கீழே. பையின் அடியில் கனம் தொங்கினால் உடல் முன்னால் குனிந்துகொண்டே போகும். இடுப்புப் பட்டையை இறுக்காமல் முழுப் பாரத்தையும் தோள் வார்களில் விட்டால் கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் நசுங்கும். முதலில் விரல்கள் மரத்துப்போகும். அதைப் பொருட்படுத்தாமல் நடந்தால் கையைத் தூக்க முடியாத நிலைவரை போகலாம், தேற வாரங்களோ மாதங்களோ ஆகலாம். கை மரத்தால் நின்று வாரைச் சரிசெய்வது கோழைத்தனம் ஆகாது.

அப்புறம் கொப்புளம். ஈரமும் உராய்வும் சேர்ந்தால் வரும். பாதத்தில் ஓரிடம் சுள்ளென்று சுடத் தொடங்கியதுமே நின்று டேப் ஒட்ட வேண்டும். அடுத்த ஓய்வில் பார்க்கலாம் என்றால் அதற்குள் தோல் எழும்பிவிடும். பூட்ஸின் எடையும் கவனிக்க வேண்டியது: காலில் கூடும் ஒரு கிலோ, முதுகில் கூடும் சுமார் ஐந்து கிலோவுக்குச் சமமாக உடலைச் சோர்வடைய வைக்கும். பூட்ஸைப் புதிதாக வாங்கியவர் முதலில் சுமையில்லாமல் நடந்து பழகட்டும்.

இதை முதலிடத்தில் வைக்கலாமா? ஓட்டமும் பளுவும் ஓரளவு கைவந்தவர் வைக்கலாம். புதியவருக்கு இது கடைசி மாதத்துக்கான முதன்மைப் பயிற்சி. சுமை நடையின் முன்னேற்றத்தில் பெரும்பங்கு ஓட்டமும் பளுவும் தருவதுதான். நடை பழகுவது அவற்றைச் சுமையோடு இணைக்கிற வேலை.

## சர்க்யூட்

தண்டால், பஸ்கி, பர்பி (தண்டால் நிலைக்குப் போய் எழுந்து குதிப்பது), கயிறு, பெட்டி ஏறுதல். 40 விநாடி வேலை, 20 விநாடி ஓய்வு, மூன்று சுற்று. எத்தனை பேர் இருந்தாலும் ஒரே நேரத்தில் வேலை வாங்கலாம், சாதனம் வேண்டாம், அரை மணியில் முடியும். கூட்டத்தை நடத்துகிறவருக்கு இதைவிட வசதியான முறை கிடையாது. அதனாலேயே அளவுக்கு மேல் பயன்படுகிறது.

களைப்பைத் தருவதில் முதலிடம், பலத்தை ஏற்றுவதில் கடைசிக்கு முந்தைய இடம். 25 தண்டால் எடுக்கிறவரை 40 எடுக்க வைக்கும், 60 கிலோ தூக்குகிறவரை 90 தூக்க வைக்காது. முன்னேற்றத்தை அளப்பதும் கஷ்டம், களைக்கும்போது அசைவு அரைகுறையாகி எண்ணிக்கை பொய் சொல்லும்.

இதில் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. பழகாத உடம்பைப் போட்டி மனநிலையில் ஒரே அசைவை நூற்றுக்கணக்கில் செய்ய வைத்தால் தசை நார்கள் சிதைந்து, அவற்றின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். அளவுக்கு மீறிய தசை வலி, வீக்கம், சிறுநீர் கரும்பழுப்பாகப் போவது ஆகியவை அடையாளம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெயிலும் தாகமும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. தண்டனையாகத் தண்டால் போட வைக்கும் பழக்கத்தை நான் எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் தண்டால்கள் யாருடைய அட்டவணையிலும் எழுதப்படுவதில்லை, ஆனால் தோளும் முழங்கையும் அவற்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன.

சர்க்யூட் சரியான தேர்வாகும் இடங்கள்: இடமில்லாத நாள், மழை நாள், ஓட்டத்தையும் பளுவையும் தக்கவைக்க மட்டும் வேண்டிய வாரம், கீழ்க்கால் வலியால் ஓட்டம் நிறுத்தப்பட்டவருக்குக் குதிக்காத அசைவுகளை மட்டும் வைத்து.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஓட்டம் | பளு | சுமை நடை | சர்க்யூட் |
|---|---|---|---|---|
| வேலைக்குப் பொருத்தம் | நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம் | நடுத்தரம் |
| எலும்புக்கு ஆபத்து | அதிகம், எடை கூடினால் இன்னும் | குறைவு | வேகமாக ஏற்றினால் மிக அதிகம் | குதிப்பது எவ்வளவோ அவ்வளவு |
| மறுநாள் மிச்சம் | நிதான ஓட்டத்தில் நிறைய, இன்டர்வெல்லில் குறைவு | நடுத்தரம் | குறைவு | குறைவு |
| அளப்பது | மிக எளிது | மிக எளிது | எளிது | கஷ்டம் |
| தேவை | தரை, கடிகாரம் | சாதனம் அல்லது மணல் மூட்டை, கற்றுத்தர ஆள் | நல்ல பை, பழகிய பூட்ஸ் | ஒன்றுமில்லை |
| தக்கவைக்க | வாரம் 2 | வாரம் 1 அல்லது 2 | இரு வாரத்துக்கு 1 | தேவையில்லை |

## பயிற்றுநருக்கு இன்னொரு தேர்வு: சேர்ந்து ஓடவா, பிரித்து ஓடவா?

அணியாக, ஒரே தாளத்தில், ஒரே வேகத்தில் ஓடுவது பார்க்க அழகு. ஒற்றுமை உணர்வும் வருகிறது, அதை மறுக்கவில்லை. உடற்பயிற்சியாக அது மோசம். முன்னால் இருக்கிற பாதிப் பேருக்கு அது வார்ம்-அப், பின்னால் இருக்கிற கால்வாசிப் பேருக்குத் தினமும் தேர்வு. வரிசையின் கடைசி ஆளைப் பாருங்கள்: முன்னால் ஒரு நொடி தயங்கினால் அவர் நின்று, அப்புறம் இருபது மீட்டர் பாய்ந்து பிடிக்க வேண்டும். பெரும்பாலும் அங்கே இருப்பது ஏற்கெனவே திணறுகிற ஆள்தான். குள்ளமானவர்கள் மற்றவர்களின் எட்டுக்கு ஈடுகொடுக்க எட்டை நீட்டுகிறார்கள். அப்படி நீட்டி நடந்த பெண் வீரர்களுக்கு இடுப்பெலும்பில் அழுத்த முறிவு வருவது படைகளில் பதிவான விஷயம். அவரவர் இயல்பான எட்டில் நடக்க விட்டபோது அது குறைந்தது.

12 நிமிடத் தேர்வின்படி மூன்று நாலு குழுவாகப் பிரித்து, வாரம் இரண்டு நாள் அவரவர் வேகத்தில் ஓட விடுங்கள். இன்டர்வெல் இன்னும் எளிது, எல்லோரும் ஒரே மைதானத்தில் ஒரே நேரம் ஓடலாம், யார் எவ்வளவு தூரம் போனாலும் விசில் அடித்ததும் திரும்ப வேண்டும். சேர்ந்து ஓடும் ஓட்டத்தை வாரக் கடைசியில் நிதானமாக, பாட்டோடு வைத்துக்கொள்ளலாம்.

வெப்பத்தையும் குழுத் தலைவர்தான் பார்க்க வேண்டும். வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே எண்ணாக அளக்கும் ஈரக்குமிழ் குறியீடு பிறந்ததே 1950களில் அமெரிக்க மரைன் பயிற்சி முகாமான பாரிஸ் ஐலண்டில் புதியவர்கள் வெயிலில் சுருண்டு விழுந்ததால்தான். உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் முழு வேகம் கேட்கக்கூடாது. ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று உளறினாலோ தள்ளாடினாலோ திட்டுவதற்கு நேரமில்லை. நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, குளிர்ந்த நீரில் உடனே குளிர்விக்கத் தொடங்கிவிட்டு அப்புறம் வண்டிக்குச் சொல்லி அனுப்புங்கள்.

## யாருக்கு எது முதலில்

நன்றாக ஓடுகிறவர், ஆனால் ஒல்லி: முதல் எட்டு வாரம் பளு வாரம் மூன்று நாள். ஓட்டம் இரண்டு நாளாகக் குறையட்டும், அதில் ஒன்று இன்டர்வெல். ஐந்தாவது வாரத்திலிருந்து சுமை நடை. சாப்பாட்டைக் கூட்டாமல் பயிற்சியை மட்டும் கூட்டினால் எதுவும் ஏறாது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நிற்பதோ ஆற்றல் போதவில்லை என்பதன் அடையாளம், எலும்பும் அப்போது பலவீனமாகும். "கடுமையாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான்" என்று விடக்கூடாது.

பலசாலி, ஓட முடியாதவர்: ஓட்டத்தில் தொடங்க வேண்டாம். மூன்று வாரம் வேக நடை, ஏற்றத்தில் நடை, சைக்கிள் அல்லது நீச்சல். மூச்சு அங்கேயே ஏறிவிடும், எலும்பு நோகாது. பிறகு இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பளு வாரம் ஒரு நாள். இவர் வாரத்துக்கு 10 சதவீதம் கூட்டலாம் என்ற பிரபலமான விதியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. மூன்று வாரம் ஏற்றி நாலாவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறைப்பது பாதுகாப்பான பழக்கம்.

இரண்டிலும் நடுத்தரம்: திங்கள் பளு, செவ்வாய் இன்டர்வெல், புதன் ஓய்வு, வியாழன் பளு, வெள்ளி நிதான ஓட்டம், சனி சுமை நடை, ஞாயிறு ஓய்வு. சலிப்பூட்டும் அட்டவணைதான். 12 வாரம் இதில் நின்றவர்கள் பளபளப்பான திட்டங்களைத் தேடி ஓடியவர்களைவிட முன்னால் இருப்பார்கள்.

காயத்திலிருந்து திரும்புகிறவர்: வலியில்லாமல் அரை மணி வேகமாக நடக்க முடியும்வரை ஓட்டம் இல்லை. பழைய நேரத்தோடு ஒப்பிடுவதை ஒரு மாதத்துக்கு நிறுத்திவையுங்கள்.

ஆறு வாரம் மட்டுமே இருக்கிறவர்: புதிய எலும்பு உருவாக இந்தக் காலம் போதாது என்பதால் மொத்தத் தூரத்தை ஏற்ற முயலாதீர்கள். இருக்கிற தூரத்திலேயே வாரம் இரண்டு நாள் வேகத்தைக் கூட்டுங்கள், இரண்டு நாள் பளு, இரு வாரத்துக்கு ஒரு இலேசான சுமை நடை. கடைசி வாரம் எல்லாவற்றையும் பாதியாக வெட்டிவிட்டு, வேகத்தை மட்டும் குறைக்காமல், எட்டு மணி நேரம் தூங்குங்கள். முகாமில் முதல் மாதம் அந்தத் தூக்கம் கிடைப்பது கஷ்டம்.